தளம் வைத்த கதை

2019-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு நாள் மாலை, பள்ளி முடிந்து இல்லம் திரும்பினேன். மெல்லிய உறை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என் துணைவியார் வாசலிலேயே நின்றிருந்தார். அயல்நாட்டு முத்திரை, அச்சடித்த முகவரி, ஓரங்களைக் கிழித்துப் பிரிக்க வேண்டிய மடிப்பு. "போக்குவரத்துச் சம்மன் போலத் தெரிகிறதே! எங்கே வேகமாகப் போனீர்கள்?" என்று கேட்டார். பிரித்துப் பார்த்தேன். உள்ளே சில வரிகளும் ஆறு இலக்க எண் ஒன்றும் இருந்தன.

கூகுள் நிறுவனத்தின் விளம்பரப் பிரிவாகிய ஆட்சென்ஸ் அனுப்பிய கடிதம் அது. இணையத்தளம் வைத்திருப்பவரின் கணக்கில் பத்து அமெரிக்க டாலர் சேர்ந்தவுடன், அவர் கொடுத்த முகவரி மெய்தானா என்று அறிய அந்நிறுவனம் அத்தகைய எண்ணை அஞ்சலில் அனுப்பும். அதனைக் கணக்கில் பதிந்தால்தான் பின்னர்ப் பணம் வரும். இதனைப் பெருமிதத்தோடு விளக்கினேன். அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பத்து டாலர் சேர எத்தனை நாள் ஆயிற்று?" என்றார். "ஏழு மாதம்" என்றேன். "இரவெல்லாம் விளக்கெரித்ததற்கு மின்கட்டணமே அதைவிடக் கூடுதலாக வந்திருக்குமே" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் சென்றுவிட்டார். அவர் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை. அவரோடு எண்களைக் கொண்டு வாதிடும் வழக்கம் எனக்கில்லை.

இக்கதையை இப்போது எழுதக் காரணம் உண்டு. பயிற்சியை முடித்து அண்மையில் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்த இளம் ஆசிரியர் ஒருவர், ஓய்வு நேரத்தில் என் அறைக்கு வந்தார். தயங்கித் தயங்கி, "ஐயா, நானும் ஓர் இணையத்தளம் தொடங்கலாம் என்றிருக்கிறேன். மாதத்திற்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டார். அவருக்கு வண்டிக் கடன் இருக்கிறது. படிக்கின்ற தங்கை ஒருத்தி இருக்கிறாள். பணத்தைப் பற்றிக் கேட்டதற்காக அவர் கூச்சப்பட்டதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. தமிழாசிரியன் வருமானத்தைப் பற்றி வாய் திறந்தாலே தமிழுக்கு இழுக்கு வந்துவிடும் என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. எனக்கு அஃது உடன்பாடன்று. அவருக்குச் சொன்னவற்றையும், சொல்ல நாணி விட்டுவிட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்றது 1990-களின் முற்பகுதியில். அந்நாளில் எங்களுக்கு அச்சகமும் பதிப்பகமும் சைக்ளோஸ்டைல் இயந்திரம்தான். மெழுகுத்தாளில் கீறி, மை தடவி, கைப்பிடியைச் சுழற்றினால் பயிற்சித்தாள்கள் ஒவ்வொன்றாக வந்து விழும். விரல் நகங்களில் மை ஏறாத பயிற்சி ஆசிரியர் எவரும் இலர். ஒரு பயிற்சித்தாள் நாற்பது மாணவர்க்கு எட்டும். அடுத்த தோட்டத்துப் பள்ளிக்கு எட்ட வேண்டுமாயின் யாரேனும் மோட்டார் சைக்கிளில் எடுத்துச் செல்ல வேண்டும்.

அதே காலத்தில், நாங்கள் அறியாமலே, சிங்கப்பூரில் எழுத்தாளரும் விரிவுரையாளருமாகிய நா. கோவிந்தசாமி அவர்கள் தமிழை இணையத்தில் ஏற்ற உழைத்துக்கொண்டிருந்தார். 1995-ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளின் இணையத் தொகுப்பொன்று வெளியிடப்பட்டபோது, தமிழ்க் கவிதைகள் அதில் தமிழ் எழுத்திலேயே இடம்பெற்றன. நம் நாட்டில் முத்து நெடுமாறன் அவர்களின் முரசு அஞ்சல், கணினியில் தமிழ் எழுதும் வழியைப் பலர்க்கும் திறந்துவிட்டது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. இவற்றைப் பெருமைக்காக மட்டும் குறிப்பிடவில்லை. அந்நாளில் ஒவ்வொரு மென்பொருளும் தமிழை ஒவ்வொரு முறையில் குறியேற்றி வைத்தது. ஒன்றில் தட்டெழுதியதை மற்றொன்றில் திறந்தால், புள்ளியும் அடைப்புக்குறியும் ஆங்கில எழுத்தும் கலந்த குப்பையே கண்ணில்படும்.

என் கணினியில் இருபது ஆண்டுப் பயிற்சிகள் நான்கைந்து எழுத்துருக்களில் கிடந்தன. 2018-இல் தளம் தொடங்கியபோது அவற்றை அப்படியே ஏற்றினேன். என் கணினியில் அழகாகத் தெரிந்தது. மறுநாள் மாணவன் ஒருவன் தன் தந்தையின் கைப்பேசியைக் காட்டி, "ஐயா, இது எந்த மொழி?" என்று கேட்டான். பின்னர் எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றினேன். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. ஆயினும் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறி நிற்கும், ஆதலால் வரிவரியாகப் படித்துத் திருத்த வேண்டும். தட்டெழுதச் சோம்பிப் பழைய தாள்களைப் படம் பிடித்து ஏற்றியதும் உண்டு. படமாக இருக்கும் கட்டுரையைத் தேடுபொறி எழுத்தாகப் படித்து எளிதில் கண்டுகொள்வதில்லை. எவரும் தேடிக் காண முடியாத பக்கம், பூட்டிய பேழைக்குள் வைத்த பயிற்சித்தாள் போன்றதே.

தளத்திற்கு ஒரு பெயரும், அது குடியிருக்க ஓர் இடமும் வேண்டும். பெயரை ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பதிவு செய்துகொள்கிறோம்; இடத்தை வாடகைக்கு எடுக்கிறோம். தொடங்குபவர், இடத்திற்குப் பணம் கேட்காத பிளாக்கரிலோ அதனைப் போன்ற பிறவற்றிலோ சில மாதம் எழுதிப் பார்க்கலாம். நான் அவ்வாறுதான் தொடங்கினேன். ஆறு மாதம் கழித்தும் எழுதும் ஆவல் மிஞ்சியிருந்தால் வேர்ட்பிரஸ் என்னும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறிக்கொள்ளலாம். இடத்தை மாற்றலாம், பெயரை மட்டும் முதல் நாளே தம் பெயரில் வாங்கிவிட வேண்டும். "தம் பெயரில்" என்று நான் அழுத்திச் சொல்வதற்குப் பின்னால் ஒரு துன்பக் கதை உண்டு.

கணினித் துறையில் பணியாற்றிய என் அக்காள் மகன், "மாமா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று தன் மின்னஞ்சலையும் தன் கடன் அட்டையையும் கொடுத்து எனக்குப் பெயரைப் பதிந்து தந்தான். பிறகு வேலை கிடைத்து ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். அட்டை காலாவதியாயிற்று. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் அவன் திறந்தும் பாராத பழைய மின்னஞ்சலில் குவிந்தன. 2022-இல் ஒரு காலை, என் தளம் இருந்த இடத்தில் வெறும் விற்பனை அறிவிப்பு நின்றது. டாட் காம் பெயர்களுக்கு, தவணை தவறி நீக்கப்பட்ட பின்னும் மீட்டெடுக்க 30 நாள் உண்டு. ஆனால் அதற்குரிய கட்டணம் வழக்கமான கட்டணத்தைப்போல் பல மடங்கு. அந்நாள்களுக்குள் விழித்துக்கொண்டதால் பெயர் மீண்டது. மருமகனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. நான்கு ஆண்டு ஒரு பைசாவும் பெறாமல் உதவியவன் அவன். கடவுச்சொல்லைக் கூட ஒரு முறையேனும் கேட்டு வாங்காதவன் நான்.

இன்னொன்றையும் இவ்விடத்திலேயே சொல்லிவிடுகிறேன். நாம் அரசு ஊழியர்கள். 1993-ஆம் ஆண்டின் பொது ஊழியர் நடத்தை மற்றும் கட்டொழுங்கு விதிகளின்படி, பணிக்கு வெளியே ஊதியம் தரும் வேலை செய்வதற்கு முன்கூட்டியே எழுத்து வழி அனுமதி பெற வேண்டும். விளம்பரப் பணமும் வருமானமே. மற்ற ஆசிரியர்கள் துணைப்பாட வகுப்பு எடுக்க விண்ணப்பித்தபோது இவ்விதியைச் சுட்டிக் காட்டிய தலைமையாசிரியனாகிய நான், என் தளத்தில் விளம்பரம் போட்டு இரண்டு மாதம் கழித்தே அதனை நினைவுகூர்ந்தேன். விளம்பரத்தை நிறுத்திவிட்டு விண்ணப்பம் எழுதினேன். அனுமதி வந்த பின்னரே மீண்டும் தொடங்கினேன். அதன்பின் ஆண்டுதோறும் வருமான வரிப் படிவத்திலும் அத்தொகையைக் காட்டிவருகிறேன். தொகை சிறிது என்பது காட்டாமல் விடுவதற்குக் காரணமாகாது.

அடுத்து, எழுதும் பொருள். தொடக்கத்தில் நான் எல்லாவற்றையும் எழுதினேன்: இலக்கணம், பண்டிகை வாழ்த்து, ஆசிரியர் தினக் கவிதை, சமையற் குறிப்பு கூட. (சமையற் குறிப்பைத் துணைவியார் பார்த்துவிட்டு நீக்கச் சொன்னார், உப்பின் அளவு தவறு.) எவரும் வரவில்லை. பின்னர்த் தேடுபொறிக் கணக்கேட்டைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். எந்தச் சொல்லைத் தேடி நம் பக்கத்திற்கு வந்தனர் என்பதைக் கூகுளே விலையின்றிக் காட்டுகிறது. அதைக் கண்டு நான் அதிர்ந்துதான் போனேன். நம் பிள்ளைகளிற் பலர் தமிழ்க் கட்டுரையை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகின்றனர். "கட்டுரை" என்பதை எட்டு விதமாக எழுதியிருந்தனர். கடிந்துகொள்வதற்கு அங்கே மாணவர் எவரும் எதிரில் இல்லை. ஆகவே மாணவர் எதைத் தேடுகிறார் என்று பார்க்கத் தொடங்கினேன். தன்கதை, வாக்கியம் அமைத்தல், மரபுத்தொடரின் பொருள், இணைமொழி ஆகியவையே மிகுதி. ஒரு பக்கத்தில் ஒரே பொருள். தலைப்பில் மாணவர் தேடும் சொல். எட்டு வரிக்குள் அவருக்கு வேண்டியது கிடைத்துவிட வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் பெற்றோரின் கைப்பேசியில் கடன் நேரத்தில் படிப்பவர்கள். பெரிய படங்களை ஏற்றி அவர்களது இணைய அளவைத் தின்றுவிடக் கூடாது.

வரவு எவ்வளவு என்று கேட்ட இளைஞருக்குக் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு பேச்சுக்கு, ஆயிரம் முறை பக்கங்கள் பார்க்கப்பட்டால் அரை டாலர் என்று வைத்துக்கொள்வோம். எனக்குப் பல மாதங்களில் அதுவும் கிட்டியதில்லை. ஆட்சென்ஸ் 100 டாலர் சேர்ந்த பின்னரே பணத்தை அனுப்பும். ஆகவே முதல் காசைக் கையில் பார்க்க இரண்டு இலட்சம் பார்வைகள் வேண்டும். ஒரே சொல்லாயினும், அதே பக்கம் ஆங்கிலத்தில் காப்பீடு பற்றியதாக இருந்தால் விளம்பரதாரர் பன்மடங்கு கொடுப்பார். தமிழ்ப் பக்கங்களை ஆட்சென்ஸ் முறையாக ஏற்கத் தொடங்கியதே 2018 பிப்ரவரியில்தான். அதுவரை தமிழில் எழுதியவர்கள் அவ்வழியில் வருமானம் பார்க்க முறையான வாய்ப்பே இல்லாமல் எழுதினார்கள். அவர்களை நான் மனத்தால் வணங்குகிறேன்.

என் மைத்துனர் ஒருவர் நல்ல மனத்தினர். கணக்கைக் கேட்டு இரங்கி, உறவினர் புலனக் குழுவில், "அத்தான் தளத்தில் வரும் விளம்பரங்களை எல்லாரும் தினமும் பத்து முறை சொடுக்குங்கள்" என்று எழுதிவிட்டார். மூன்று நாள் பணம் பொங்கியது. நான்காம் நாள் விளம்பரங்களே மறைந்தன. தளத்துக்காரர் தாமே விளம்பரத்தைச் சொடுக்குவதும், பிறரைச் சொடுக்கச் சொல்வதும் அவர்களது விதிப்படி குற்றம். செயற்கைச் சொடுக்குகளை இயந்திரம் கண்டுகொள்கிறது. கணக்கையே மூடியிருக்கலாம். என் நல்ல காலம், சில வாரத் தடையோடு போயிற்று. பொங்கிய பணத்தையும் கழித்துக்கொண்டனர். 2024-இல் அந்நிறுவனம் சொடுக்குக்குப் பணம் என்பதை மாற்றி, விளம்பரம் காட்டப்படுவதற்குப் பணம் என்னும் முறைக்கு வந்துவிட்டது. ஆயினும் விதி தளரவில்லை. உறவினர் அன்பைத் தளத்திற்கு வெளியே வைத்துக்கொள்வது நலம்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. பள்ளிகள் மூடின. நாட்டின் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் இணைப்புகளை அனுப்பிக்கொண்டனர். ஒரு மாதத்தில் வந்தவர் தொகை, அதுவரை வந்தவர் அனைவரினும் கூடியது. நான் இரவில் எழுந்து எண்ணைப் பார்ப்பவன் ஆனேன். அப்போதுதான் தாய் ஒருவரின் தொலைபேசி அழைப்பு வந்தது. "ஐயா, என் மகள் உங்கள் பக்கத்தில் வாக்கியம் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே 'துணை தேடுகிறீர்களா' என்று ஒரு பெண் படம் வருகிறது. அவளுக்குப் பத்து வயது. நீங்கள் தலைமையாசிரியர் என்று நம்பித்தானே கைப்பேசியைக் கொடுத்தேன்?" அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

அன்றிரவே கணக்கைத் திறந்து பார்த்தேன். வேண்டாத வகை விளம்பரங்களைத் தடுக்கும் வசதி முதல் நாளிலிருந்தே அங்கு இருந்திருக்கிறது. துணை தேடல், திடீர்ச் செல்வம், உடல் இளைத்தல் எல்லாவற்றையும் அடைத்தேன். மேலும் ஒரு தெரிவு இருந்தது: இத்தளம் சிறுவர்க்கானது என்று அறிவித்துவிடுவது. அறிவித்தால் பார்ப்பவரின் பழக்கத்தைப் பின்தொடர்ந்து காட்டும் விளம்பரங்கள் நின்றுவிடும், வருமானமும் விழும். முதல் 100 டாலருக்கு இன்னும் பதினெட்டு டாலர்தான் மீதி. இரண்டு நாள் அத்தெரிவைத் தொடாமல் வைத்திருந்தேன். பெரியவர்களும் ஆசிரியர்களும்கூடப் படிக்கிறார்களே என்று எனக்கு நானே வழக்காடினேன். மூன்றாம் நாள் அறிவித்தேன். வருமானம் பாதிக்கும் கீழே இறங்கிற்று. அந்த இரண்டு நாளைப் பற்றி இளம் ஆசிரியரிடம் நான் சொல்லவில்லை. இக்கட்டுரையைப் படித்து அறிந்துகொள்வார்.

நான் பெரிதும் நம்பியிருந்தது ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வை. என் பக்கங்களில் ஏறத்தாழ எல்லாம் அத்தேர்வின் படைப்புத் தாளை ஒட்டியவை. 2020-ஆம் ஆண்டுக்கான தேர்வு நிறுத்தப்பட்டது. 2021 ஏப்ரலில் தேர்வே நிரந்தரமாக நீக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. தேர்வு போவதைப் பற்றித் தலைமையாசிரியன் என்ற முறையில் எனக்கு மகிழ்ச்சி இருந்தது. தளத்துக்காரன் என்ற முறையில் திகைத்தேன். சில வாரத்தில் வருகை கால் பங்காகிவிட்டது. ஒரே மரத்தை நம்பித் தோட்டம் போட்டவர் படும் பாட்டை, கித்தா விலை விழுந்த காலத்தில் என் தந்தையார் பட நேரில் கண்டவன்தான் நான்.

ஆனால் ஒரு பக்கம் மட்டும் விழவில்லை. "நான் ஒரு மிதிவண்டி" என்னும் தன்கதை. தேர்வு இருந்தபோதும் நீங்கிய பின்னும் நாள்தோறும் எவரோ அதைப் படித்துக்கொண்டிருந்தனர். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கூட வந்தனர். விடியுமுன் பால்வாளிகளைச் சுமந்து கித்தாக் காட்டுக்குள் போகும் ஒரு பழைய மிதிவண்டி தன் வாழ்வைச் சொல்வதாக அமைந்தது. நன்கு எழுதப்பட்ட கட்டுரை. எனினும் அதை எழுதியவன் நான் அல்லேன்.

நான் முதலில் பணியாற்றிய பள்ளியின் ஆசிரியர் அறையில், சைக்ளோஸ்டைல் தாள்கள் அடங்கிய கோப்பொன்று இருந்தது. பழைய மாதிரிக் கட்டுரைகள். எழுதியவர் பெயர் இல்லை. படியெடுத்து வைத்திருந்தேன். தளத்திற்கு நிறைய பக்கங்கள் தேவைப்பட்டபோது அவற்றிலிருந்து பதினொன்றைத் தட்டெழுதி ஏற்றினேன். "பெயர் இல்லையே, பள்ளியின் சொத்துத்தானே" என்று ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். 1987-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் எங்கும் பதிவு செய்யாவிட்டாலும் உரிமை அவருடையதே என்பது எனக்குத் தெரியும். மாணவர்க்குப் பதிப்புரிமை பற்றி வகுப்பே எடுத்திருக்கிறேன்.

2021-இன் இறுதியில் ஒரு முதிய பெண்மணி அழைத்தார். ஓய்வு பெற்ற ஆசிரியை. "தம்பி, என் பேரன் இணையத்தில் ஒரு கட்டுரை படித்துக் காட்டினான். அந்த மிதிவண்டி என் அப்பாவுடையது" என்றார். எனக்கு நா எழவில்லை. "இன்னும் சில இருக்கின்றன போலிருக்கிறதே. எல்லாம் என் கையெழுத்தில் மெழுகுத்தாளில் கீறியவை. நீ எங்கே பார்த்தாய்?" என்றும் கேட்டார். அக்கேள்வியில் குற்றச்சாட்டைவிட ஆவலே மிகுந்திருந்தது. அன்றே பதினொரு பக்கங்களையும் மறைத்துவைத்தேன்.

அதுவரை மூன்று முறை பணம் வந்திருந்தது. ரிங்கிட்டில் ஆயிரத்து இருநூற்றுக்குச் சற்று மேல். எந்தப் பக்கத்தால் எவ்வளவு என்று பார்த்தபோது, அப்பதினொன்றின் பங்கு ஐந்திரண்டுக்கு மேல் என்று தெரிந்தது. ஐந்நூறு ரிங்கிட்டை உறையிலிட்டுத் தெலுக் இந்தானிலிருந்து ஈப்போவில் உள்ள அவர் இல்லத்திற்குச் சென்றேன். அவர் பணத்தை மறுத்து, "தமிழுக்காகச் செய்தாய், போதும்" என்பார் என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டு போனேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். அவர் உறையைப் பிரித்து, எச்சில் தொட்டு ஒவ்வொரு தாளாக எண்ணினார். "ஐந்நூறு. சரி" என்று மேசை அறைக்குள் வைத்தார். "எண்ணுகிறேனே என்று நினைக்காதே, தம்பி. பள்ளிப் பால் பணம் வசூலித்துப் பழகிய கை." பிறகு, "பெயர் ஏன் போடவில்லை?" என்றார். "தெரியாது, அம்மா" என்றேன். "தெரியாது என்றாவது போட்டிருக்கலாம் அல்லவா?" என்றார்.

அதற்கு என்னிடம் விடை இல்லை. என் மௌனத்தைக் கண்டு அவரே தேநீர் கொண்டுவந்தார். பிறகு தம் நிபந்தனைகளைச் சொன்னார். ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். கட்டுரைகள் திரும்ப வரலாம். மேலே அவர் பெயர் இருக்க வேண்டும். வருவதில் பாதி அவருக்கு, ஆறு மாதத்திற்கு ஒரு முறை கணக்கோடு. அவர் வேண்டாம் என்றால் அன்றே எடுத்துவிட வேண்டும். இறுதியாக ஒன்று. "கித்தா என்று நான் எழுதியதை நீ இரப்பர் என்று மாற்றியிருக்கிறாய். அப்பா ஒரு நாளும் இரப்பர் மரம் வெட்டியதில்லை. கித்தாதான் வெட்டினார்." மாற்றியது நான்தான். திருத்தும் ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைப்பாரோ என்ற அச்சத்தில் மாற்றினேன். கணினியில் ஏழு இடத்தில் சரிசெய்தேன்.

இப்போது அவர்தான் தளத்தின் முதன்மை எழுத்தாளர். புலனத்தில் குரல் பதிவாகச் சொல்லி அனுப்புவார். நான் தட்டெழுதிப் படித்துக் காட்டுவேன். ஆறு மாதக் கணக்கை அனுப்பத் தாமதித்தால் நினைவூட்டுவார்.

பணம் வரும் பிற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். இயந்திர விளம்பரத்தை விட, நேரே வந்து கேட்கும் விளம்பரம் கூடுதல் தரும். புத்தகக் கடைக்காரர் ஒருவர் மாதம் ஐம்பது ரிங்கிட் கொடுக்கிறார். அது பல மாதங்களில் ஆட்சென்ஸ் வருவாயினும் மிகுதி. மற்றொருவர் நூறு தருவதாகச் சொன்னார். அவர் எங்கள் பள்ளிக்கு எழுதுபொருள் வழங்குபவர், ஆகவே மறுத்துவிட்டேன். பயிற்சி நூலைப் பி.டி.எப். வடிவில் ஐந்து ரிங்கிட்டுக்கு விற்றுப் பார்த்தேன். ஒருவர் வாங்கி முப்பது பேருக்கு அனுப்பினார் என்று அறிந்தேன். மிதிவண்டிக் கதைக்குப் பிறகு அதைப் பற்றி உரத்துப் பேசும் தகுதி எனக்கு இல்லை. மாணவர் முகம் தெரியும் படங்களைப் பெற்றோர் எழுத்து வழி இசையாமல் போடுவதில்லை. தளம் முழுவதையும் மாதம் ஒரு முறை படியெடுத்துத் தனி வட்டில் வைக்கிறேன்.

இளம் ஆசிரியரின் திட்டம் வேறு மாதிரி இருந்தது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஒரே வாரத்தில் ஐந்நூறு கட்டுரைகளை எழுதி ஏற்றிவிடலாம் என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை, மாதிரியும் காட்டினார். "நான் ஒரு மிதிவண்டி" என்றே கேட்டிருந்தார். பிழை அதிகமில்லை. அம்மிதிவண்டி கடையில் பிறந்து, ஒரு சிறுவனிடம் வந்து, பழையதாகிக் கொட்டகையில் கிடந்தது. எவருடைய சிறுவன், எந்த ஊர்க் கொட்டகை என்று கேட்டேன். அவர் சிரித்தார். ஆள் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், தேடுபொறியை ஏமாற்ற மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களைத் தள்ளிவைப்பதாகக் கூகுள் 2024 மார்ச்சில் விதியே வகுத்தது. அதுவுமன்றி, பொதுவான விடையைத் தேடுபொறி இப்போது தானே தொகுத்து முதலில் காட்டும் முறை பரவிவருகிறது. எல்லாரும் சொல்வதைச் சொல்லும் பக்கத்திற்கு இனி எவர் வரப்போகிறார் என்று கேட்டேன்.

"அப்படியானால் நான் எதை எழுதுவது, ஐயா?" என்றார். அவர் அறிவியல் ஆசிரியர். நான்காம் ஆண்டு மாணவரோடு அவர் செய்யும் சோதனைகளைப் பலமுறை சன்னலருகே நின்று பார்த்திருக்கிறேன். பள்ளித் திடலில் செம்பனை ஓலையின் கீழே ஒரு தட்டும் வெயிலில் ஒரு தட்டும் வைத்து, எந்த நீர் முன்னே வற்றுகிறது என்று பிள்ளைகளைக் கொண்டு அளக்கச் செய்வார். அதை எழுதச் சொன்னேன். தமிழில் அப்படியொரு பக்கத்தைத் தேடி நானே ஒரு முறை வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன்.

சென்ற மாதம் அவர் தளப்பெயர் பதிந்தார். தம் பெயரில், தம் மின்னஞ்சலில். பற்றுச்சீட்டை எனக்குக் காட்டினார். அனுமதி விண்ணப்பத்தில் நானே மேலொப்பமிட்டு மாவட்டக் கல்வி அலுவலகத்திற்கு அனுப்பியிருக்கிறேன். விடை வரும்வரை விளம்பரம் கிடையாது. முதல் பக்கத்தில் இரண்டு தட்டுகளும், அளவுகோலைப் பிடித்திருக்கும் சிறு கைகளும் மட்டும் தெரிகின்றன. முதல் வாரம் பதினொரு முறை பார்க்கப்பட்டதாக நேற்றுச் சொன்னார். அவற்றுள் மூன்று என்னுடையவை என்று நான் அவரிடம் சொல்லவில்லை.